வகிட்டில் ஒரு எலெக்ட்ரோடு

தலையில் பூ வைத்துக்கொண்டு வரும் பெண்களிடம் நான் முதலில் கேட்டு வாங்குவது அந்தப் பூவைத்தான். மதுரையில் இ.இ.ஜி., அதாவது மூளையின் மின்சிக்னலைத் தலையிலிருந்து பதிவு எடுக்கும் வேலையில் இது தினப்படி நடப்பது. சரத்தை ஒரு ஸ்டீல் தட்டில் ஈரப் பஞ்சின் மேல் வைத்துவிடுவேன். போகும்போது வாடாமல் திருப்பிக் கொடுக்க வேண்டுமே. அடுத்த கேள்வி, "தலைக்கு எண்ணெய் வச்சீங்களாம்மா?" ஷாம்பூ போட்டுக் குளித்துவிட்டு வாருங்கள், எண்ணெய் வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லி அனுப்பியிருப்போம். இருந்தாலும் பலர் தலையில் எண்ணெய் இருக்கும். "லேசாத்தான் தொட்டு வச்சேன் சிஸ்டர், பரட்டைத் தலையோடயா ஆஸ்பத்திரிக்கு வர்றது?" என்பார்கள். நான் நர்ஸ் இல்லை, டெக்னீசியன். ஆனாலும் 18 வருடமாக எல்லோருக்கும் சிஸ்டர்தான்.

அந்த சிக்னலைத் தோலில் தொட்டு எடுக்கும் எலெக்ட்ரோடை எப்படி வைக்கிறோம் என்று சொல்கிறேன், அப்போதுதான் பசையே இல்லாமல் ஒட்டும் மெல்லிய எலெக்ட்ரோடு பற்றி நான் சொல்லவரும் விஷயம் புரியும். மூக்குத்தண்டுக்கு மேலே இருக்கும் பள்ளத்திலிருந்து பின்மண்டை மேடு வரை டேப் வைத்து அளக்க வேண்டும். அந்த நீளத்தை 10 சதவீதம், 20 சதவீதம் என்று பிரித்து மெழுகுப் பென்சிலால் புள்ளி வைக்க வேண்டும். 1958இல் ஹெர்பர்ட் ஜாஸ்பர் வகுத்துக் கொடுத்த முறை; இன்றைக்கும் உலகம் முழுக்க இதுதான். புள்ளி விழுந்த இடத்தில் வால் சீப்பின் வாலால் முடியை இரண்டு பக்கமும் ஒதுக்கினால், பென்சில் கோடு அகலத்துக்குத் தோல் தெரியும். பொடி மணல் கலந்த மாதிரி நறநறவென்று இருக்கும் ஒரு ஜெல்லைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு அங்கே நாலைந்து முறை தேய்ப்பேன். அப்புறம் சட்டைப் பொத்தான் அளவுக்கு இருக்கும் குழிக் கிண்ண எலெக்ட்ரோடில் பேஸ்டை நிரப்பி, அந்தக் கோட்டின் மேல் வைத்து அழுத்தி, மேலே ஒரு துண்டு காஸ் துணி. விரலை எடுப்பதற்குள் ஒதுக்கிய முடி திரும்பி வந்து விழும். மறுபடி ஒதுக்க வேண்டும். இப்படி 21 இடம். ஒவ்வொன்றிலும் மின்சாரத்துக்குத் தடை எவ்வளவு என்று மெஷின் காட்டும். 5 கிலோ ஓமுக்குக் கீழே இறங்கினால்தான் எனக்கு மனசு ஆறும்.

ஏன் இத்தனை பாடு? மூளையிலிருந்து மண்டையோட்டைத் தாண்டி தலைத்தோல் வரை வந்து சேரும் மின்னழுத்தம் 10 முதல் 100 மைக்ரோவோல்ட் வரைதான். இதயத்தின் சிக்னல் நெஞ்சில் ஒரு மில்லிவோல்ட் அளவுக்கு வரும். அதோடு பார்த்தால் இது முணுமுணுப்பு. அந்த முணுமுணுப்பு கடைசியாகத் தாண்ட வேண்டிய தடுப்பு, தோலின் மேலே படிந்திருக்கும் செத்த செல்களின் அடுக்கு. பெரும்பாலான இடங்களில் அதன் தடிமன் 10, 20 மைக்ரோமீட்டர்தான். ஆனால் காய்ந்திருந்தால் மின்சாரத்தை லேசில் விடாது. அதோடு இன்னொரு சிக்கல் உண்டு. உடம்புக்குள் மின்சாரம் நடப்பது உப்பு அயனிகளால். கம்பிக்குள் நடப்பது எலெக்ட்ரானால். ஒன்று மற்றொன்றாகக் கைமாறும் இடம்தான் எலெக்ட்ரோடு. வெள்ளியின் மேல் வெள்ளி குளோரைடு பூசியது அந்தக் கைமாற்றத்தை அமைதியாகச் செய்யும் என்பதால்தான் இத்தனை காலமாக அதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம். நடுவில் இருக்கும் பேஸ்ட், ஒரு சின்ன உப்புக் குளம். நூறு வருடத்துக்கு முன்னால் நெதர்லாந்தின் லெய்டனில் ஐந்தோவன் என்ற விஞ்ஞானி இ.சி.ஜி. எடுத்தபோது, ஆளை உட்காரவைத்து இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீர் ஜாடிகளில் விடச் சொன்னார். ஜாடி சுருங்கிச் சுருங்கி என் கையில் இருக்கும் கிண்ணம் ஆகியிருக்கிறது.

குளம் வற்றினால் என்ன ஆகும்? ஒரு ராத்திரியைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், 19 வயதுக் கல்லூரிப் பெண் ஒருத்தி ராத்திரி முழுவதும் வீடியோ இ.இ.ஜி.க்குச் சேர்ந்திருந்தாள். தூக்கத்தில் மட்டும் ஏதோ வருகிறது, வலிப்பா இல்லையா என்று தெரிய வேண்டும். இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. சாயங்காலம் எலெக்ட்ரோடு வைத்து முடிக்க எனக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. எல்லாம் சுத்தமாக வந்தது. ராத்திரி ஒரு மணிக்கு மேல் இடது நெற்றிப்பொட்டுப் பக்கம் இரண்டு எலெக்ட்ரோடுகள் காய ஆரம்பித்தன. திரையில் அந்த இரண்டு கோடுகளும் தடித்து, 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சல் ஏறி, கறுப்புப் பட்டையாகிவிட்டன. எழுப்பிச் சரிசெய்தால் தூக்கம் கலையும். தூக்கத்தில்தானே வர வேண்டும்? காத்திருந்தேன். மூன்று மணி சுமாருக்கு அது வந்தது. தலை வலது பக்கம் திரும்பி, கை விறைத்து, அரை நிமிடம் கூட இல்லை. கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. எந்தப் பக்கத்திலிருந்து கிளம்பியிருக்கும் என்று டாக்டர் சந்தேகப்பட்டாரோ அந்தப் பக்கத்து இரண்டு கோடுகளும் வெறும் இரைச்சல்.

இன்னொரு ராத்திரி தங்க வேண்டியதாயிற்று. அவள் அப்பா கொத்தனார். இரண்டு நாள் கூலியும் போய், இன்னொரு நாள் ரூம் வாடகையும். அவர் ஒன்றும் சொல்லவில்லை. "நல்லாப் பாத்துச் சொல்லுங்கம்மா" என்றார், அவ்வளவுதான். அன்றிலிருந்து, காயாத, நழுவாத எலெக்ட்ரோடு என்று எங்கே ஒரு வரி கண்ணில் பட்டாலும் நின்று படித்துவிடுவேன்.

காய்வது ஒரு பக்கம், ஒட்டுவது இன்னொரு பக்கம். நெஞ்சில் ஒட்டும் இ.சி.ஜி. ஸ்டிக்கரை வயதானவர்கள் உடம்பிலிருந்து எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? என் அப்பா 81 வயதில் ஐந்து நாள் மானிட்டரில் இருந்தார். கடைசி நாள் ஸ்டிக்கரை உரித்தபோது காலணா அளவுக்கு மேல்தோலும் சேர்ந்து வந்துவிட்டது. நெஞ்சு வலியோடு போனவர் அந்தப் புண்ணைத்தான் பத்து நாள் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டார். அம்மாவுக்கு வேறு கதை. ஸ்டிக்கர் பொட்டு வைத்து வைத்து நெற்றி நடுவில் வெள்ளையாகிவிட்டது. பசையில் இருக்கும் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற பொருள் சிலருக்குத் தோலின் நிறத்தை அழித்துவிடும்; நம் ஊர்த் தோல் டாக்டர்களுக்கு இது பழகிய விஷயம். ஆக, பிடித்து வைப்பதற்குப் பசைதான் வழி என்றால், பலமாகப் பிடிக்க வைக்கிற அதே பசை தோலையும் பதம் பார்க்கும்.

மெல்லிய எலெக்ட்ரோடு விஷயத்தில் என்னைக் கட்டிப்போட்டது இந்த இடம்தான். மெலிந்துகொண்டே போனால் ஒரு கட்டத்துக்கு மேல் பசையே தேவைப்படுவதில்லை. ஆற்றில் குளித்துவிட்டு ஏறும்போது நனைந்த வேட்டி காலோடு ஒட்டிக்கொள்ளும். நனைந்த ஜமுக்காளம் ஒட்டாது, விறைத்து விலகி நிற்கும். ஒரு தகட்டை வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் போகும்: தடிமன் பாதியானால் விறைப்பு எட்டில் ஒரு பங்கு, பத்தில் ஒரு பங்கானால் ஆயிரத்தில் ஒரு பங்கு. தோலைக் கிட்டத்தில் பார்த்தால் உழுத வயல் மாதிரி வரப்பும் பள்ளமுமாக இருக்கும். தடித்த எலெக்ட்ரோடு வரப்புகளின் மேல் மட்டும் உட்காரும், பள்ளமெல்லாம் காற்று. மெல்லியது பள்ளத்துக்குள்ளும் இறங்கிவிடும். அவ்வளவு நெருக்கம் வந்தபின், எல்லாப் பொருள்களுக்கும் நடுவில் இயல்பாகவே இருக்கும் வாண்டர்வால்ஸ் இழுவிசையே அதைப் பிடித்துக்கொள்ளப் போதும். தஞ்சாவூர் ஓவியத்துக்குத் தங்க ரேக்கு ஒட்டுகிறவர்களைப் பார்த்தால் தெரியும், ஃபேனை நிறுத்திவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டுதான் எடுப்பார்கள்; விரலில் பட்டால் விரலோடு போய்விடும்.

தோல் அசையும்போது எலெக்ட்ரோடும் கூடவே அசைவதுதான் இதில் பெரிய லாபம். தடித்த எலெக்ட்ரோடு தோலின் மேல் ஒரு மயிரிழை நழுவினாலும், நடுவில் அடுக்கியிருக்கும் மின்னூட்டம் கலைந்து கோடு தூக்கிப் போடும். அந்தத் துள்ளல் மூளை சிக்னலைவிடப் பெரிதாக இருக்கும். பார்க்கிறவர் அதையே வலிப்பு அலை என்று எடுத்துக்கொண்டால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்.

2011இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜான் ராஜர்ஸின் குழு 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட வேலைதான் இந்தத் துறையைப் பலர் கண்ணில் படவைத்தது. பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகும் மெல்லிய உலோகக் கோடுகள்; குழந்தைகள் கையில் வைத்துத் தண்ணீர் தடவி ஒட்டும் டாட்டூ ஸ்டிக்கர் மாதிரி தோலுக்கு மாற்றினார்கள். தொண்டையில் ஒட்டி, பேசும்போது எழும் தசை சிக்னலை வைத்து ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டையே ஆடிக் காட்டினார்கள். 2017இல் டெக்சாஸ் ஆஸ்டினில் தேஜி அகின்வாண்டேயும் நான்ஷு லூவும் கிராஃபீன் என்னும் மிக மெல்லிய கார்பன் படலத்தில் செய்தது இன்னும் மெல்லியது: மொத்தத் தடிமன் 463 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. கண்ணுக்கும் அவ்வளவாகத் தெரியாது, வெளிச்சத்தில் 85 சதவீதம் ஊடுருவிவிடும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு வலிப்பு இருக்கிறது என்று வெளியே தெரிந்தால் நம் ஊரில் அந்தப் பிள்ளை என்ன பாடு படும் என்று தினமும் பார்க்கிறேன். கண்ணுக்குத் தெரியாத எலெக்ட்ரோடு என்பது அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய விஷயம்!

எனக்கு ரொம்பப் பிடித்தது டோக்கியோவில் தகாவோ சொமேயாவின் குழு அதே வருடம் செய்த தங்க வலை. பாலிவினைல் ஆல்கஹாலை நானோ இழைகளாக நூற்று, அந்த வலையின் மேல் தங்கத்தைப் படியவைப்பார்கள். தோலில் வைத்துக் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் நடுவில் இருந்த இழை கரைந்து, தங்க வலை மட்டும் தோலில் படிந்து நிற்கும். சல்லடை மாதிரி இருப்பதால் வியர்வை வெளியேறிவிடும், தோல் மூச்சுவிடும். 20 பேருக்கு ஒரு வாரம் ஒட்டிப் பார்த்து, தோல் அழற்சி இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். சித்திரை வெயிலில் பிளாஸ்டிக் பேட்சுக்குக் கீழே வேர்க்குரு பொரிந்து நிற்பதைப் பார்த்தவள் என்பதால், ஒரு வாரம் என்ற சொல்லை இரண்டு தடவை படித்தேன்.

படித்ததோடு நிற்கவில்லை. என் அண்ணன் மகள் கோயம்புத்தூரில் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் படிக்கிறாள். அவளுடைய புராஜெக்டே இதுதான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டாட்டூ பேப்பரில் பெடாட் என்னும் மின்கடத்தும் பாலிமர் மையைப் படியவைத்துச் செய்த நாலு எலெக்ட்ரோடுகளை ஒரு டிபன் பாக்ஸில் வைத்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். "அத்தை, உங்க கையைக் குடுங்க" என்றாள். அத்தனை வருடமாக அடுத்தவர் தோலைத் தேய்த்துக்கொண்டிருந்தவள், அன்றைக்குத்தான் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலாவது கசங்கிவிட்டது. தண்ணீர் அதிகமாகி ஓரம் மடிந்து, மடிந்த இடம் தன்னோடு தானே ஒட்டிக்கொண்டது, பிரிக்கவே முடியவில்லை. இரண்டாவதை வைத்து ஈரப் பஞ்சால் ஒற்றி, மெதுவாகப் பேப்பரை நகர்த்தினாள். முன்கையில் நீலம் ஓடிய ஒரு வட்டம் மட்டும் நின்றது. விரலால் தடவிப் பார்த்தேன், ஓரம் எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை. தோலின் சுருக்கம் ஒவ்வொன்றும் அதன் மேலேயும் தெரிந்தது. பக்கத்திலேயே வழக்கமான ஜெல் ஸ்டிக்கரையும் ஒட்டி இரண்டையும் அவளுடைய சின்ன போர்டில் மாட்டினோம். தடையை அளந்தால் டாட்டூவில்தான் அதிகம். ஜெல் இல்லாத எலெக்ட்ரோடு, அப்படித்தான் இருக்கும். ஆனால் கையை முறுக்கி மடக்கினால் இரண்டிலும் தசைச் சிக்னல் ஒரே மாதிரி எழுந்தது.

அப்படியே இருக்கட்டும் என்று அடுப்படிக்குப் போய் எல்லோருக்கும் தோசை ஊற்றினேன். ஒரு மணி நேரம் கல்லுக்கு முன்னால். திரும்பி வந்து மாட்டியபோது, ஜெல் ஸ்டிக்கர் வியர்வையில் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, கையை அசைத்தாலே கோடு அலைந்தது. டாட்டூ இருந்த இடத்தில் இருந்தது.

அப்புறம் போர்டின் கம்பி ஒரு இழு இழுத்தது. தொடர்புக்காக வைத்திருந்த வால் பகுதி கம்பியோடு கிழிந்து வந்துவிட்டது. அவள் முகம் சுண்டிப்போனது. ஆனால் இது அவளுடைய குறை இல்லை, இந்தத் துறைக்கே உள்ள பாடு. அரை மைக்ரான் படலத்தை அரை மில்லிமீட்டர் கம்பியோடு சேர்க்கிற மூட்டில்தான் விறைப்பு சட்டென்று மாறுகிறது; கிழிவதெல்லாம் அங்கேதான் கிழிகிறது. சிகாகோவில் ராஜர்ஸின் குழு 2019இல் குறைமாதக் குழந்தைகளுக்காகச் செய்தபோது கம்பியையே எடுத்துவிட்டார்கள். நெஞ்சில் ஒன்று, பாதத்தில் ஒன்று என்று இரண்டு மெல்லிய ஒட்டுகள், தகவல் எல்லாம் கம்பியில்லாமல். கம்பிச் சிக்கல் இல்லாததால் அம்மா குழந்தையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொள்ளலாம். குறைமாதக் குழந்தையின் தோல் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

சரி, என் வேலைக்கு வருவோம். கை, நெஞ்சு, நெற்றி எல்லாம் வழுவழுப்பான இடம். தலை? மேலே சொன்ன படலங்களைத் தலையில் வைத்தால் முடியின் மேல்தான் உட்காரும். ஆஸ்திரியாவின் கிராட்ஸில் இருந்த பிரான்செஸ்கோ கிரேக்கோவும், இத்தாலியில் இருந்த லாரா ஃபெராரியும் 2018இல் காட்டியது ஒரு ஆறுதல்: அவர்களுடைய அச்சிட்ட டாட்டூ எலெக்ட்ரோடில், ஒட்டியபின் முடி முளைத்துத் துளைத்துக்கொண்டு வந்தாலும் சிக்னல் கெடவில்லை. ஆனால் ஏற்கெனவே முளைத்து இடுப்பு வரை நிற்கும் முடிக்கு அது பதில் ஆகாது. 2024 கடைசியில் நான்ஷு லூவின் குழு வேறு வழி பிடித்தது. படலத்தை ஒட்டுவதை விட்டுவிட்டு, மின்கடத்தும் மையை இங்க்ஜெட் மாதிரி நேராகத் தலைத்தோலில் தெளித்தார்கள்; மை முடிக்கு நடுவே இறங்கித் தோலில் காய்ந்து மெல்லிய எலெக்ட்ரோடாகிவிடும். ஆறு மணி நேரத்தில் வழக்கமான எலெக்ட்ரோடுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சிக்னலை விட்டுவிட, இது 24 மணி நேரம் நின்றது. படித்தபோது அந்த மூன்று மணி ராத்திரிதான் ஞாபகம் வந்தது. சோதனைக்கு உட்கார்ந்தவர்கள் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் கட்டை முடி.

இது எனக்கு உறுத்துகிறது. உலகத்தில் எல்லோருக்கும் கட்டை முடியா இருக்கிறது? ஆனால் இதைக் கவனித்தவர்கள் இருக்கிறார்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆர்னெல் எட்டியென் என்ற கறுப்பினப் பெண், மாணவியாக இருந்தபோதே, சுருள் முடியை ஒதுக்க முயலாமல், தலையோடு ஒட்டிப் பின்னும் வரிசைப் பின்னலையே துணையாக எடுத்துக்கொண்டார். பின்னலுக்கும் பின்னலுக்கும் நடுவே தெரியும் தோல், எலெக்ட்ரோடு வைக்க வேண்டிய இடத்தில் வரும்படி பின்னுவது. பின்னலுக்கு அடியில் செருகி நிற்கும் எலெக்ட்ரோடு. அதற்குச் செவோ என்று பெயர், ஹைட்டி கிரியோல் மொழியில் மூளை என்று அர்த்தம். தலையை எலெக்ட்ரோடுக்கு ஏற்ற மாதிரி மாற்றச் சொல்லாமல், தலை எப்படி இருக்கிறதோ அங்கிருந்து தொடங்கியிருக்கிறார்.

அதைப் படித்த ராத்திரி கண்ணாடி முன்னால் நின்று தலை வாரும்போதுதான் எனக்கு உறைத்தது. நம்மிடம் வகிடு இருக்கிறது! மூக்குத்தண்டிலிருந்து பின்மண்டை வரை நான் தினமும் டேப் வைத்து அளக்கிற அதே நடுக்கோடு. முன்னால் ஒன்று, உச்சியில் ஒன்று, பின்னால் ஒன்று என்று மூன்று எலெக்ட்ரோடுகள் அதன் மேல்தான் உட்காருகின்றன. முடி தானாக ஒதுங்கி, சின்ன வயதிலிருந்து அப்படியே விலகிப் பழகிய தோல். இரட்டைப் பின்னல் போட்டால் வகிடு பிடரி வரை போகும். காதுக்கு மேலே குறுக்காக இன்னும் இரண்டு வகிடு எடுத்து நாலு பின்னலாகப் போட்டால், நெற்றிப்பொட்டுப் பக்கத்து எலெக்ட்ரோடுகளுக்கும் வழி கிடைக்கும். மை ஓட அது போதும். எண்ணெய் ஒரு தொல்லைதான். ஆனால் தலை முழுக்க அலசுவதைவிட ஒரு வகிட்டைத் துடைப்பது எளிது.

அண்ணன் மகளுக்கு உடனே வாய்ஸ் மெசேஜ் போட்டேன், மணி பதினொன்றரை என்று கூடப் பார்க்காமல். காலையில் பதில் வந்திருந்தது. பேப்பர் வேண்டாம் அத்தை, மையை மெல்லிய பிரஷ்ஷால் நேராகத் தீட்டிப் பார்க்கலாம், ஒன்றரை மில்லிமீட்டர் வகிடு இருந்தால் போதும் என்று. கீழே இன்னொரு வரி: "ஞாயித்துக்கிழமை வரேன். சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வச்சிராதீங்க."